28,000 வெற்றிடங்களும் ஒரு ஜீப்பும்

"ஜீப் வெளியில் போயிருக்கிறது. வந்ததும் அனுப்புகிறோம்."

என்னிடம் ஒன்பதாம் தரத்தில் படிக்கும் மாணவி ஒருத்தியின் உம்மாவுக்கு, கடந்த வருடம் ஓர் இரவு தொலைபேசியில் கிடைத்த பதில் இது. கணவர் கட்டாரில் வேலை. இஷாவுக்குப் பிறகு உறவினர் ஒருவரின் மையித்து வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது பின்கதவு உடைந்து கிடந்தது. அலுமாரி திறந்திருந்தது. இரண்டு காப்புகளையும் ஒரு சங்கிலியையும் காணவில்லை. கள்ளன் உள்ளே இருக்கிறானா, போய்விட்டானா என்று தெரியாமல் மூன்று பிள்ளைகளோடு ஒழுங்கையில் நின்றுகொண்டே 119க்கு அழைத்திருக்கிறார். அவர்கள் நிலையத்துக்கு அறிவித்தார்கள். நிலையம் சொன்ன பதில்தான் மேலே உள்ளது.

ஜீப் வரவேயில்லை. மறுநாள் பகல் பதினொரு மணியளவில் ஒரு கான்ஸ்டபிள் தன்னுடைய சொந்த மோட்டார் சைக்கிளில் வந்தார். அதற்குள் அயலவர்கள் எல்லாரும் வந்து பார்த்து, கதவைத் தொட்டு, அலுமாரியையும் அடுக்கி முடித்துவிட்டார்கள். கைரேகை என்று ஏதாவது இருந்திருந்தால் அதுவும் போயிற்று.

அன்று பிற்பகல் முறைப்பாடு எழுதுவதற்கு அவரோடு நானும் போனேன். "டீச்சர், நீங்களும் வாங்க. எனக்கு சிங்களம் பேசத் தெரியும். அவங்க எழுதுறது என்னென்டு விளங்காது" என்றார். வத்தளை, மாபோலை, ஹுணுப்பிட்டிப் பக்கம் வாழும் நம்மில் அநேகருடைய நிலை இதுதான். சந்தையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில் சிங்களம் சரளமாக வரும். கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதித் தந்தால் வாசிக்க முடியாது. தமிழ் மொழிமூல ஆசிரியையான எனக்கும், அவசரமாக எழுதப்பட்ட சிங்களக் கையெழுத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும்.

அது எந்த நிலையம் என்று எழுதப் போவதில்லை. அங்கிருந்த சார்ஜன்ட் நல்ல மனிதர். என் கோபத்தைக் கேட்டுவிட்டு, "டீச்சர், கடதாசியில் எங்களுக்கு மூன்று ஜீப். ஒன்று கராஜில் நிற்கிறது. இன்னொன்று காலையில் சந்தேகநபர்களை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால் பின்னேரம்தான் வரும், இரவில் அதற்கு சாரதி இல்லை. மற்றதுதான் எல்லாவற்றுக்கும். நேற்று இரவு அது ஒரு விபத்துக்குப் போய் ஆஸ்பத்திரியில் நின்றது" என்றார். நிலைய முற்றத்தில் இருபது முப்பது வாகனங்கள் நிற்கின்றனவே என்று கேட்டேன். சிரித்தார். அவையெல்லாம் வழக்குப் பொருட்கள். கைப்பற்றப்பட்ட முச்சக்கர வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் தீர்ப்பு வரும்வரை வெயிலிலும் மழையிலும் நின்று துருப்பிடிக்கின்றன. பொலிஸார் அவற்றைத் தொட முடியாது.

அதன் பிறகுதான் இந்த விடயத்தைக் கொஞ்சம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

பொலிஸ் திணைக்களத்தில் 28,000 அளவில் ஆளணிப் பற்றாக்குறை இருப்பதாக 2025இல் அரச தரப்பே சொன்னது. ஆயிரக்கணக்கில் புதிதாக ஆட்சேர்ப்பு செய்யப்படும் என்றார்கள். ஓய்வுபெற்ற இராணுவத்தினரைச் சேர்க்கும் யோசனையும் பேசப்பட்டது. நாட்டில் 600க்குச் சற்று அதிகமான பொலிஸ் நிலையங்கள் உள்ளன. பிள்ளைகளிடம் கொடுத்தால் உடனே வகுத்து, நிலையம் ஒன்றுக்கு 46 பேர் குறைவு என்று விடை எழுதுவார்கள். கணக்கு சரி. ஆனால் பொருள் பிழை.

ஏன் என்பதற்குப் பாடசாலையிலிருந்தே உதாரணம் சொல்லலாம். எந்த அரச நிறுவனத்திலும் "அங்கீகரிக்கப்பட்ட ஆளணி" என்று ஓர் எண் இருக்கும். இத்தனை பேரை வைத்துக்கொள்ளலாம் என்று முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் அனுமதித்த எண் அது. அதில் எத்தனை பேர் இல்லையோ அதுதான் வெற்றிடம். இருக்கிறவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதை அந்த எண் சொல்லாது. எங்கள் பாடசாலையின் இடாப்பில் கணிதத்துக்கு நான்கு ஆசிரியர்கள். ஒருவர் வலயக் கல்வி அலுவலகத்துக்கு இணைப்பு, ஒருவர் பிரசவ விடுமுறை. வகுப்பில் நிற்பது இரண்டு பேர். இடாப்பைப் பார்க்கிற அதிகாரிக்கு இங்கே குறையே இல்லை. பத்தாம் தரப் பிள்ளைக்கு மூன்று பாடவேளைகள் வெறுமையாகப் போகின்றன. பொலிஸிலும் இதே கதைதான், இன்னும் பெரிதாக.

ஒப்பிட்டுப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. 2024 குடிசன மதிப்பீட்டின்படி நம் சனத்தொகை 2 கோடி 17 இலட்சம். பொலிஸில் இப்போது இருப்பவர்களை 80,000 அளவில் என்று எடுத்துக்கொண்டால், ஒரு இலட்சம் பேருக்கு 360க்கு மேற்பட்ட பொலிஸார். இந்தியாவில் இது 155 அளவில்தான். இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்த பகுதியில் 240 அளவில். அதாவது 28,000 வெற்றிடங்களோடும்கூட, தலைக்கணக்கில் நாம் இந்தியாவைப் போல் இரண்டு மடங்கு பொலிஸார் உள்ள நாடு. யுத்தகாலத்தில் பெருத்த படை இது. விசேட அதிரடிப்படையும் இந்தத் திணைக்களத்துக்குள்தான் வருகிறது.

அப்படியானால் அந்த இரவில் ஏன் ஒருவரும் வரவில்லை?

முதலில், இருபத்திநான்கு மணித்தியாலக் கணக்கு. ஓர் இடத்தில் ஒருவர் எப்போதும் நிற்க வேண்டுமென்றால், எட்டு மணித்தியாலம் வீதம் வருடத்துக்கு 1,095 முறைகள். லீவு, வார ஓய்வு, பயிற்சி, நோய் எல்லாம் போக ஒருவர் 240 நாட்கள் வேலை செய்கிறார் என்று வைத்தால், ஒரே ஓர் இடத்துக்கு நான்கு அல்லது ஐந்து பேர் வேண்டும். ஒரு ஜீப்பில் சாரதியோடு மூன்று பேர் என்றால், அந்த ஜீப் இரவு பகலாக ஓடுவதற்குப் பதினான்கு பேர். பன்னிரண்டு மணித்தியாலம், சில வேளை அதற்கும் மேலாக, ஆட்களை நிறுத்தித்தான் நிலையங்கள் இந்தக் கணக்கைச் சமாளிக்கின்றன. இரவு முழுவதும் விழித்திருந்தவர் காலையில் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல நிற்கிறார். கைது செய்தவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்பது 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. நல்ல சட்டம், நம்மைப் பாதுகாக்கிற சட்டம். அதற்கும் ஆளும் வண்டியும் வேண்டும்.

அடுத்தது பிரிவுகள். போக்குவரத்து, குற்றம், சிறு குற்றம், நீதிமன்றம், பெண்கள் மற்றும் சிறுவர் பிரிவு, சமூகப் பொலிஸ். இவற்றுக்கு மேலே தட்டச்சு, கோப்பு, களஞ்சியம், தொலைபேசி, சமையலறை. இங்கிலாந்து, வேல்ஸ் பொலிஸில் சீருடை அணியாத சிவில் ஊழியர்கள் மட்டும் எண்பதினாயிரம் அளவில் இருக்கிறார்கள். மேசை வேலையைப் பெரும்பாலும் அவர்களே பார்க்கிறார்கள். இங்கே பயிற்சி பெற்ற ஒரு கான்ஸ்டபிள் புத்தகத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருப்பதை நானே பார்த்தேன்.

இனி வெளிக் கடமைகள். பெரஹரா, பெருநாள், கிரிக்கெட் போட்டி, ஆர்ப்பாட்டம், பரீட்சை நிலையம், தேர்தல், வெள்ளம். களனி கங்கை பெருகினால் எங்கள் பகுதியில் முதலில் இறங்குகிறவர்களில் அவர்களும் இருக்கிறார்கள், அதை மறுக்க முடியாது. 2022இல் நாடு பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற மாதங்களில் பொலிஸாரும் அந்த வரிசைகளில் கடமைக்கு நின்றார்கள். நிலையத்தின் ஜீப்புக்கு எண்ணெய் இல்லாத நாட்களிலும் நின்றார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே பிரமுகர் பாதுகாப்பு. அமைச்சர்கள், பாராளுமன்ற உறுப்பினர்கள், நீதிபதிகள், தூதுவர்கள், முன்னாள் ஜனாதிபதிகள் என ஒவ்வொரு வகைக்கும் ஒரு பிரிவு. 2024 டிசம்பரில் முன்னாள் ஜனாதிபதிகளிடமிருந்து முப்படைப் பாதுகாப்பு விலக்கப்பட்டு, ஒருவருக்கு 60 பொலிஸார் என்று வரையறுக்கப்பட்டது. அது குறைப்பு! குறைத்த பிறகும் 60. அச்சுறுத்தல் உள்ளவருக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த 60 பேரும் 80,000க்குள்தான் எண்ணப்படுகிறார்கள் என்கிறேன்.

யாரைக் காப்பது முதலில் என்ற கேள்விக்கு 2019 ஏப்ரல் தந்த விடையை நாம் மறந்துவிடக் கூடாது. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயமும் நீர்கொழும்பு கட்டுவாபிட்டிய தேவாலயமும் எங்கள் வத்தளையின் இரு பக்கங்களிலும் இருப்பவை. தாக்குதல் நடக்கலாம் என்ற புலனாய்வுத் தகவல் ஏப்ரல் 4ஆம் திகதியே வந்திருந்தது. 11ஆம் திகதி பொலிஸ் தலைமையகத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் போனது. போன இடங்களைப் பாருங்கள்: அமைச்சர்களின் பாதுகாப்புப் பிரிவு, நீதிபதிகளின் பாதுகாப்புப் பிரிவு, தூதுவர்களின் பாதுகாப்புப் பிரிவு, முன்னாள் ஜனாதிபதிகளின் பாதுகாப்புப் பிரிவு. பத்து நாட்களுக்குப் பிறகு, உயிர்த்த ஞாயிறன்று, 260க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் முன்னாள் பொலிஸ் மா அதிபரை 75 மில்லியன் ரூபாவும் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 100 மில்லியன் ரூபாவும் நட்டஈடாகச் செலுத்த உத்தரவிட்டது. அங்கே ஆளும் வண்டியும் இல்லாமல் போனது காரணமில்லை. தகவல் யாருக்கு உரியது என்று நினைத்தார்கள் என்பதே காரணம். அதற்கு விலையைத் தேவாலயத்துக்குப் போனவர்கள் கொடுத்தார்கள். பிறகு, அதைச் செய்யாத நம் சமூகமும் வேறு விதமாகக் கொடுத்தது. அதே வருடம் மே 13ஆம் திகதி மினுவாங்கொடையில் நம் கடைகள் எரிந்தன.

அளுத்கம 2014, திகன 2018, மினுவாங்கொடை 2019. ஒவ்வொரு முறையும் "போதிய பொலிஸார் இருக்கவில்லை" என்ற விளக்கத்தைக் கேட்டோம். ஓரளவுக்கு அது உண்மையாக இருக்கலாம். ஆயிரம் பேர் திரண்டு வரும்போது முப்பது பேர் கொண்ட ஒரு நிலையம் என்ன செய்யும்? ஆனால் திகனையில் கலவரம் தொடங்கியது மார்ச் 4ஆம் திகதி, அவசரகாலச் சட்டம் வந்தது 6ஆம் திகதி. மேலதிகப் படையை ஏற்றிக்கொண்டு வர இந்தச் சிறிய நாட்டில் இரண்டு நாள் ஆகாது. அங்கு நின்றவர்களே என்ன செய்தார்கள் என்பது பற்றியும் பாதிக்கப்பட்ட மக்கள் முறைப்பாடு செய்தார்கள். ஆளணிப் பற்றாக்குறை உண்மையான பிரச்சினைதான். சில நேரம் வசதியான சாட்டும்தான். இரண்டையும் பிரித்துப் பார்க்க நாம் பழக வேண்டும். இல்லாவிட்டால் 28,000 பேரை எடுத்த பிறகும் அதே பதிலைத்தான் கேட்போம்.

வாகனத்துக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த இடைவெளியில் பொலிஸ் வண்டிகளும் வயதாகின. 2022 டிசம்பரில் இந்தியக் கடனுதவியின் கீழ் 125 ஜீப் வண்டிகள் பொலிஸுக்குக் கையளிக்கப்பட்டன. படங்களில் வரிசையாக அழகாகத்தான் நின்றன. ஐந்து நிலையங்களுக்கு ஒன்று என்ற கணக்கு. ஜீப் ஒன்று வந்தால் போதும் என்றும் இல்லை. சாரதி வேண்டும், மாதாந்த எண்ணெய் அளவு வேண்டும், டயர் தேய்ந்தால் அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டும். எண்ணெய் முடிகிற மாதக் கடைசியில் கள்ளனும் லீவு எடுப்பதில்லை.

இந்த இடத்தில் நம்மவர்களுக்குச் சங்கடமான ஒரு விடயம். பல ஊர்களில் பள்ளிவாசல் நிர்வாகங்களும் வர்த்தகர்களும் நிலையங்களுக்கு உதவுகிறார்கள். டயர், பெட்ரி, கடதாசி, சில இடங்களில் கமரா. நல்லெண்ணத்தில் செய்கிறார்கள். நானும் அதைத் தவறென்று நினைத்ததில்லை. சார்ஜன்டோடு பேசிய பிறகு ஒரு யோசனை வந்தது. டயர் வாங்கிக் கொடுத்த முதலாளி அழைத்தால் ஜீப் எவ்வளவு நேரத்தில் வரும்? கணவர் கட்டாரில் இருக்கும் பெண் அழைத்தால்? நாம் மட்டும் கொடுக்கவில்லை, மற்றவர்களும் கொடுக்கிறார்கள். நம் கடைக்கு முன்னால் கூட்டம் சேர்கிற நாளில், அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் இருப்பவரும் அதே ஜீப்புக்கு டயர் கொடுத்தவராக இருக்கலாம். அரசாங்கம் கொடுக்க வேண்டியதை ஊர் கொடுக்கும்போது பொலிஸ் ஊரிலுள்ள பணத்துக்குக் கடமைப்படுகிறது.

ஆட்களைச் சேர்த்தால் எல்லாம் சரியாகுமா? பிரித்தானியா 2010க்குப் பிறகு சிக்கனம் என்று சொல்லி 20,000 பொலிஸாரைக் குறைத்தது. பிறகு தவறை உணர்ந்து, 2019இலிருந்து 2023 மார்ச்சுக்குள் 20,000 பேரைத் திரும்ப எடுத்தது. எண்ணிக்கை திரும்பி வந்தது. போன இருபது வருட அனுபவம் அதோடு வரவில்லை. பயிற்சிக் கலாசாலையிலிருந்து வெளியே வந்த முதல் வருடத்தில் நான் எப்படிப் படிப்பித்தேன் என்று எனக்குத் தெரியும், அந்தப் பிள்ளைகள் என்னை மன்னிக்க வேண்டும். களுத்துறை பொலிஸ் கல்லூரியிலிருந்து வருகிற இளைஞனும் அப்படித்தான். அவன் பக்கத்தில் ஒரு பழைய சார்ஜன்ட் இருக்க வேண்டும்.

புதிதாக எடுக்கிறார்கள் என்றால், தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்பதே நம்முடைய முதல் கேள்வியாக இருக்க வேண்டும். 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. சிங்களம் நிர்வாக மொழியாக இருக்கும் வத்தளை போன்ற பகுதியிலும், ஒருவர் அரச உத்தியோகத்தரோடு தமிழில் அலுவல் பார்க்கலாம் என்று அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை சொல்கிறது. 2011இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, ஒவ்வொரு நிலையத்திலும் இருபத்திநான்கு மணித்தியாலமும் இருமொழி தெரிந்த உத்தியோகத்தர் இருக்க வேண்டும், முறைப்பாட்டாளர் விரும்பிய மொழியில் வாக்குமூலம் எழுதப்பட வேண்டும் என்று சிபாரிசு செய்தது. நம் இளைஞர்களும் இதில் சேர விண்ணப்பிக்க வேண்டும். க.பொ.த. சாதாரண தரம் முடித்த மாணவர்களிடம் பொலிஸ் வேலை பற்றி நான் பேசினால் சிரிக்கிறார்கள். அவர்களுடைய வாப்பாமார் சிரிப்பதில்லை, கோபப்படுகிறார்கள். ஏன் என்று எனக்கும் விளங்குகிறது. இருந்தும் நம் பிள்ளைகள் போகாவிட்டால், அந்தப் புத்தகத்தில் தமிழில் எழுத யார் இருப்பார்?

அன்று அந்த உம்மாவின் வாக்குமூலத்தை எழுதியவர் ஒரு இளம் கான்ஸ்டபிள். தமிழ் தெரிந்த ஒருவர் இருந்தாராம், வேறு கடமைக்குப் போயிருந்தார். எழுதிக்கொண்டிருக்கும்போதே நிலையத் தொலைபேசிக்கும் இவரே பதில் சொன்னார், ஏனென்றால் மேசையில் வேறு ஆளில்லை. இரண்டு முறை எழும்பிப் போய் வந்தார். கடைசியில் வேகமாக வாசித்துக் காட்டினார், இவர் கையொப்பமிட்டார், நானும் தலையாட்டிக்கொண்டு இருந்தேன். காப்பு ஒன்று மூன்று பவுண் என்று இவர் சொன்னது, இரண்டும் சேர்த்து மூன்று பவுண் என்று பதிவாகியிருந்தது எங்கள் இருவருக்குமே பிடிபடவில்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு அடகுக் கடையில் ஒரு காப்பு அகப்பட்டது. மூன்று பவுண். சந்தேகநபரின் சட்டத்தரணி முறைப்பாட்டை எடுத்து வாசித்து, இது அந்தப் பெண்ணின் காப்பே அல்ல என்றார்.

இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது: வீட்டிலேயே நடந்ததைத் தமிழில் எழுதி, திகதி போட்டு, ஒரு பிரதியோடு கொண்டுபோங்கள். வாசித்துக் காட்டும்போது எண்களை நிறுத்திக் கேளுங்கள் - நேரம், நிறை, தொகை. முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் எழும்ப வேண்டாம். தமிழில் எழுத மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும், பொலிஸாரின் நடத்தை பற்றியென்றால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். நம் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் ஒரு கேள்வியை சபையில் கேட்கச் சொல்லுங்கள். 28,000 பற்றி அல்ல. ஒவ்வொரு நிலையத்திலும் இரவு பத்து மணிக்குக் கடமையில் இருப்பவர் எத்தனை, ஓடக்கூடிய வண்டி எத்தனை, தமிழில் வாக்குமூலம் எழுதக்கூடியவர் எத்தனை என்று. நிலையம் நிலையமாகப் பதில் வரட்டும்.

காப்பு வழக்கு இன்னும் நடக்கிறது. வாக்குமூலம் எழுதிய கான்ஸ்டபிள் வந்து, தான் கேட்டது என்ன, எழுதியது என்ன என்று சாட்சி சொல்ல வேண்டும். அவருக்கு இடமாற்றம் கிடைத்து இப்போது அநுராதபுரப் பக்கம் இருக்கிறார். சென்ற தவணைக்கு அவரால் வர முடியவில்லை. அந்த நிலையத்திலும் ஆள் குறைவாம்.